வெற்றிலை கிடைக்காத மார்க்கெட்

எங்கள் சொந்தக்காரர்களின் கல்யாணப் பந்தியில் உட்கார எனக்கு இப்போதும் பிடிப்பதில்லை. எதிர் வரிசையில் இருக்கும் யாராவது ஒரு அத்தை என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளிடம் அறிமுகம் செய்துவைப்பாள். "இது யாருன்னு தெரியுதா? மைசூர்க்காரி மக. மார்க்கெட்டுல அத்தனை சனத்துக்கு நடுவுல மூத்தாரோட மானத்தை வாங்குனாளே, அவ பெத்தது." அந்தப் பக்கத்துக்காரியும் "அட, ஆமா" என்று தலையை ஆட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்குவாள். முப்பது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட ஏன் வாங்கினாள் என்று கேட்டதில்லை. அவ்வளவு விலை மதிப்பான மானத்தை அவர் எதற்காகக் காய்கறி மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்காமல், பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பாக்டரியில் வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் பதினேழு. பி.யூ.சி.யில் சயன்ஸ் எடுத்திருந்தாள். அவள் படிப்பதைப் பார்த்தால் எங்களுக்கே பயமாக இருக்கும். சாப்பிடும்போதுகூட இடது கையில் புத்தகம் இருக்கும். சாம்பாரில் நனைந்த பக்கங்களை வெயிலில் காயவைப்பாள்.

பெரியப்பா சத்தியமங்கலத்துக்காரர். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவைப் படிக்கவைத்ததும், கல்யாணம் செய்துவைத்ததும், ஆள் பிடித்து மைசூரில் வேலை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். அதை நாங்கள் மறந்துவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் வந்தால் எங்கள் வீட்டில் அப்பாவின் குரல் காணாமல் போய்விடும். "சரிங்ணா" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாட்களை ஓட்டிவிடுவார்.

அந்தத் தடவை திம்பம் மலையேறி, சாமராஜநகர் வழியாக வந்த பஸ்ஸில் இறங்கி, கையைக் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததுமே பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. பெரியம்மாவின் தம்பிதான் மாப்பிள்ளை. நாளை மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தட்டு மாற்றிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள்.

அம்மா அடுப்பங்கரை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "புள்ளை படிச்சிட்டு இருக்காளுங்க மாமா" என்றாள், மெதுவாக.

பெரியப்பா அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "ஏன்டா, உன்ற ஊட்டுல பொம்பளைங்க பேசறதுதான் பேச்சா? நான் வாக்குக் குடுத்தாச்சு."

"சரிங்ணா" என்றார் அப்பா.

அக்கா உள்ளறையில் இருந்தாள். வெளியே வரவேயில்லை. எனக்கு மட்டும் தாங்க முடியாத சந்தோஷம். வீட்டில் விசேஷம் என்றால் பட்டுப்பாவாடை. அதோடு, பெரியப்பா என்னைத் தொடையில் உட்காரவைத்துக்கொண்டு, "நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறோம் கண்ணு. ரெண்டு கை நெறைய வளையல் வாங்கித் தாரேன்" என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் அந்த மாப்பிள்ளை யார், எப்படிப்பட்டவர் என்றெல்லாம் எனக்கு எதற்கு?

மறுநாள் காலையில் அக்கா காலேஜுக்குக் கிளம்பி நின்றாள். அன்றைக்கு அவளுக்கு லேபில் பரீட்சை. பெரியப்பா, "இன்னைக்குக் காலேசு வேண்டாம். தலைக்குக் குளிச்சு, ஒரு சீலை கட்டிப் பழகட்டும்" என்றார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலிலேயே இருந்தது.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நாலு பேரும் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனோம்.

அதுவரை எனக்கு அந்த மார்க்கெட்டில் ஒரு மூலைதான் தெரியும். சனிக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கத்தரிக்காய், பீன்ஸ் வரிசைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். "உள்ள போனா காணாமப் போயிடுவே" என்பாள். அன்றைக்குத்தான் முழுதாக உள்ளே போனோம். மணிக்கூண்டுப் பக்கத்து வளைவு வாசலில் நுழைந்ததும் வெயில் சட்டென்று நின்றுபோனது. மேலே தகரக் கூரையும், அதில் ஓட்டை விழுந்த இடங்களில் தார்ப்பாயும். ஓட்டை வழியாக வெளிச்சம் கயிறு கயிறாக இறங்கி, யார் தலையிலாவது விழுந்துகொண்டிருந்தது. குங்குமத்தையும் மஞ்சளையும் பித்தளைத் தட்டுகளில் கோபுரம் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். ஊதாவிலும் பச்சையிலும்கூடக் கோபுரங்கள் இருந்தன. அந்த நிறத்தையெல்லாம் யார் நெற்றியில் வைத்துக்கொள்வார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஒரு கடையில் விரல் நீளத்துக்குச் சந்தன எண்ணெய்க் குப்பிகள். கடைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சொட்டு தடவிவிட்டார். வெல்ல மண்டியில் குளவிகள் மொய்த்தன. அவற்றை யாரும் விரட்டவில்லை. ஒரு மாடு, வாங்க வந்த ஆளைப் போலவே, முட்டைக்கோசுக் கடை முன்னால் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வரிசை முடிந்தால் குறுக்கே இன்னொரு வரிசை, அதற்குள் ஒரு சந்து, சந்தின் முடிவில் மறுபடியும் ஒரு வளைவு. காணாமல் போக இதைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்க முடியாது என்று தோன்றியது.

"மகாராசா காலத்துல கட்டுனதுங்ணா" என்றார் அப்பா, பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தபடி.

"எங்க ஊரு செவ்வாக்கிழமைச் சந்தை இதைவிடப் பெருசு" என்றார் பெரியப்பா. அதோடு மகாராஜா முடிந்துபோனார்.

பெரியப்பாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தையும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் பேரம் பேச வராது. ஆகவே கடைக்காரர்களிடம் அம்மாதான் பேச வேண்டும். பெரியப்பா முன்னால் நடந்து, விரலை நீட்டி, இதைக் கேள், அதைக் கேள் என்று சொல்வார். அம்மா கன்னடத்தில் கேட்பாள். இதுதான் ஏற்பாடு.

முதலில் வெற்றிலை. தட்டு மாற்றுவதற்கு முதல் பொருள் அதுதானே. வெற்றிலை வரிசையில் ஈரச் சாக்கின் மேல் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மைசூர் வெற்றிலை, மெல்லிசாக, வெளிர் பச்சையில். "பத்துக் கவுளி கேளு" என்றார் பெரியப்பா.

அம்மா கடைக்காரரிடம் குனிந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கீரை விலை கேட்கிற அதே குரலில் கன்னடத்தில் சொன்னாள்: "அண்ணா, கொடபேடி. இது நடக்கக் கூடாத காரியம். இவர் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்."

கொடபேடி என்றால் கொடுக்காதீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு பேசாமல் ஒரு ஈரச் சாக்கை எடுத்து வெற்றிலைக் கட்டுகள்மேல் போர்த்தி, "இல்லா சார்" என்று கையை விரித்தார்.

அது ஒன்றுதான் பெரியப்பாவுக்குப் புரிந்த சொல். "என்ன இல்லை? கண்ணு முன்னாடி இருக்குதே?"

"அது ஏதோ சத்திரத்துக்குச் சொல்லிவச்சதுங்களாம் மாமா" என்றாள் அம்மா.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகவே தெரியும். அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு புறாகூட இல்லை.

அடுத்து பூக்கடை. அந்த வரிசையின் வாசனையே ஆளைத் தள்ளும். மல்லிகையும் கனகாம்பரமும் பந்து பந்தாக, மாலைகள் தாம்புக்கயிறு கனத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. அம்மாவுக்குத் தெரிந்த பூக்காரம்மா ஒருத்தி அங்கே இருந்தாள். பெரியப்பா மாலையும் பத்து முழம் மல்லிகையும் கேட்கச் சொன்னார். அம்மா அவளிடமும் அதையே சொன்னாள். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கூடவே சொன்னாள். "என் பெரிய பெண்ணுக்கு" என்றும் "பதினேழு வயது" என்றும் காதில் விழுந்தது.

பூக்காரம்மா நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மல்லிகைப் பந்தைக் கையில் தூக்கிக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, தலையில் அடித்துக்கொண்டு, கன்னடத்தில் ஏதேதோ புலம்பினாள். அத்தனை நடிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நேத்துப் பூவாமுங்க மாமா. நல்ல காரியத்துக்கு ஆகாதுங்கறாங்க."

பெரியப்பாவின் நடை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. அவருக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை. பூனை குறுக்கே போனதற்காகச் சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே போகாமல் திரும்பியவர். "வெத்தலையும் இல்லை, பூவும் இல்லை. நல்லா இல்லியேடா" என்று அப்பாவிடம் முணுமுணுத்தார். அப்பா ஒரு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண் முன்னால் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் பூவை ஆகாது என்கிறாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் ஸ்கேலால் அடிக்கிறார்கள். இவளை யார் அடிப்பது? அதோடு, இவள் இப்படியே இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு போனால் வளையல் கடை வரும்போது என்ன ஆகும்? நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஏம்மா பொய் சொல்றே?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பெரியப்பா அதற்குள் நாலு கடை முன்னால் போய்விட்டிருந்தார். அம்மா என் மேல்கையைப் பிடித்துக் கிள்ளினாள். தோல் கன்றிச் சிவந்தது. அவள் என்னை அதற்கு முன்பும் கிள்ளியதில்லை, பிறகும் கிள்ளியதில்லை. நான் கத்தி அழுதேன். வலியைவிட ஆத்திரம்தான் அதிகம்.

வாழைப்பழக் கடையிலும் அப்படியே நடந்தது. ரசபாளைப் பழம் தார் தாராகத் தொங்கிக்கொண்டிருக்க, எல்லாம் காய் என்றாள் அம்மா. பெரியப்பாவின் நெற்றி வியர்த்துவிட்டது. "போதும். சகுனம் சரியில்லை, வேனை இன்னொரு நாளைக்கு வரச் சொல்லிக்கலாம். ஊட்டுக்கு நடங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பினாள். அவள் தோள்கள் கொஞ்சம் இறங்கினதைப் பார்த்தேன். இன்னும் நூறு அடி நடந்திருந்தால் வெளியே வந்திருப்போம்.

ஆனால் வந்த வழியிலேயே திரும்பினோம். வெற்றிலை வரிசை வந்தது. அந்தக் கடைக்காரர் சாக்கை எடுத்துவிட்டு, வேறு ஒரு அம்மாளுக்கு வெற்றிலைக் கட்டுகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா நின்றார். பிறகு எட்டிப் போய் ஒரு கட்டைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கினார்.

"இது என்னடா? அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? ஏன்டா, தமிழன்னா குடுக்கமாட்டியா? தமிழன் காசு செல்லாதா உங்க ஊர்ல?"

அந்த வரிசை முழுக்கச் சத்தம் நின்றுபோனது. ஆற்றுத் தண்ணீர்த் தகராறு நடந்து முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த நாட்களில் அம்மா எங்களை வாசலில்கூடத் தமிழ் பேச விடவில்லை. சாயங்காலமானால் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். அப்படிப்பட்ட ஊரில், மார்க்கெட்டுக்கு நடுவில், கையில் வெற்றிலைக் கட்டோடு ஒரு மனிதர் தமிழன் தமிழன் என்று கத்திக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிற ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வரிசையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "ஏனு, ஏனு கலாட்டே?" என்று கேட்டார்கள்.

வெற்றிலைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவர் பெரியப்பாவிடம் பேசவில்லை. அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, "நீவே ஹேளித்ரல்லம்மா, கொடபேடி அந்த!" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள், கொடுக்காதீர்கள் என்று.

பெரியப்பா அப்பாவின் பக்கம் திரும்பினார். "என்றா சொல்றான் அவன்?"

அப்பா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"உன்னைத்தான்டா கேக்கறேன். என்ன சொல்றான்?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "கண்ணு, நீ சொல்லு. உனக்கு அவங்க பேச்சுத் தெரியுமில்ல. அவன் என்ன சொல்றான்?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

"புள்ளைய எதுக்குக் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க" என்றாள் அம்மா. "அவரு புதுசா ஒண்ணும் சொல்லலைங்க. நான் சொன்னதைத்தான் சொல்றாரு. குடுக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன். வெத்தலைக்கும் நாந்தான் சொன்னேன், பூவுக்கும் நாந்தான் சொன்னேன், பழத்துக்கும் நாந்தான் சொன்னேன்."

பெரியப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"எம் புள்ளைக்குத் தட்டு மாத்தறதுக்கு நீங்க யாருங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவகிட்டக் கேட்டீங்களா? உங்க மச்சினனுக்கு வயசு முப்பத்தஞ்சு. கட்டுனவ செத்து ஒரு வருசம் ஆகலை. அவ ஏன் செத்தான்னு உங்க ஊட்டுல ஒருத்தராச்சும் வாயைத் தெறந்தீங்களா? இடுப்பு ஒசரத்துக்குச் செவுரு கட்டுன கிணத்துல ராத்திரில எவளாச்சும் கால் தவறி விழுவாளா? அவ ஒடம்பைக் குளிப்பாட்டுன பொம்பளைங்கள்ல நானும் ஒருத்திங்க. அவ முதுகை நான் பாத்தேன். எல்லாருந்தான் பாத்தாங்க. பாத்துட்டு வந்து, பந்தியில உக்காந்து சோறு தின்னாங்க. நானுந் தின்னேன்."

மார்க்கெட்டில் எதற்குக் கிணற்றைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. அந்தக் குரல் அவளிடம் இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கூட்டத்துக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் பூக்காரம்மா சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள். அவள்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்களுக்குக் கன்னடத்தில் சொன்னாள். பதினேழு வயதுப் பெண், காலேஜில் படிக்கிறாள், கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். முப்பத்தைந்து வயதை அவள் தாராளமாகவே கிழவன் ஆக்கிவிட்டாள். கூட்டத்தின் முகம் மாறியது. தமிழன், கன்னடத்தான் என்கிற பேச்சு அங்கே அதற்குப்பிறகு எழவில்லை. மூட்டைக்காரர் ஒருவர் பெரியப்பாவின் கையிலிருந்து வெற்றிலைக் கட்டை மெதுவாக வாங்கிக் கடையில் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "ஊருக்கு ஹோகி சாமி" என்று போகச் சொன்னார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதும் அப்பாவிடம்தான் பேசினார்.

"கேட்டுட்டு நிக்கறியேடா. கை நீட்டி ரெண்டு வைக்கத் தெரியலையா உனக்கு? நான் போறேன். நீ எங்கூட வர்றதா இருந்தா வா. இல்லாட்டி உம் பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுட்டு இங்கியே நில்லு. இனி எம் மூஞ்சில முழிக்காதே."

அவர் விடுவிடுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாளோ என்னவோ. அப்பா கையிலிருந்த பைகளைக் கீழே வைத்தார். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், என்னைக்கூடப் பார்க்காமல், அண்ணன் பின்னால் போனார். ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அவர் தலைமேல் ஒருமுறை விழுந்தது. பிறகு கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. பெரியப்பாவை விடுங்கள், அவர் அப்படித்தான். அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. முதல் கடையிலிருந்தே புரிந்தது. அந்தக் கிணற்றில் விழுந்தவளின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருத்தர். அவர் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அக்கா சொல்வாள். கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றதே அவரால் முடிந்த பெரிய காரியம் என்பாள். யாருக்காக அத்தனையும் நடந்ததோ அவளே அப்பாவை மன்னித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. வாயைத் திறந்து "வேண்டாம்ணா" என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்? அதைச் சொல்லாததால் ஒரு பெண்பிள்ளை மார்க்கெட்டில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. கெட்ட பேரும் அவளுக்குத்தான் வந்தது. அப்பாவைப் பற்றி எந்தப் பந்தியிலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார் என்பார்கள்.

அந்த மச்சினனுக்கு ஆறே மாதத்தில் வேறு பெண் கிடைத்தாள். பவானிப் பக்கம். வெற்றிலை, பூ, பழம் எல்லாம் தடையில்லாமல் கிடைத்திருக்க வேண்டும். அவளைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம், "ஏதோ இருக்கறா" என்றுதான் பதில் வரும்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா செய்ததைச் சொல்கிறேன். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வெற்றிலைக்காரரைப் பார்த்துக் கை குவித்தாள். கீழே கிடந்த பைகளை எடுத்துக்கொண்டு நேராகக் காய்கறி வரிசைக்குப் போனாள். அங்கே கத்தரிக்காய்க்காரனோடு ஒரு சண்டை போட்டாள். எப்போதும் போடுகிற அதே பேரம்தான், ஆனால் அன்றைக்கு அவன் பயந்துபோய், அவள் கேட்டதற்கு மேலேயே நாலு காய் அள்ளிப் போட்டான். வளையல் வரிசை அதற்கு அடுத்த சந்தில்தான் இருந்தது. கண்ணாடி வளையல்கள் மினுங்குவது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நான் அந்தப் பக்கமாக ஒரு அடி எடுத்துவைத்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அக்ரஹாரம் வரைக்கும் நான் அவளிடம் பேசவில்லை. நான் பேசாததை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

வீட்டில் அக்கா தலை வாரி, அம்மாவின் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின்னால் வேறு யாரும் வராததைக் கண்டு எழுந்து நின்றாள்.

"சீலைய மாத்து" என்றாள் அம்மா. "போய்ப் படி. லேபு பரீட்சைய மறுபடி வெப்பாங்களான்னு நாளைக்கு நானே வந்து உங்க மேடத்தைக் கேக்கறேன்."

அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. "போ, போ" என்று அவளைத் தள்ளிவிட்டாள். குடிக்க எடுத்த தண்ணீர் சொம்பு பல்லில் பட்டுச் சத்தம் போட்டது. இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் எட்டவே இருந்தேன்.

மத்தியானம் போய் வெயில் இறங்க ஆரம்பித்தது. அப்பா வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடந்தாள். நடந்து நடந்து ஒரு இடத்தில் நின்றாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய ரெக்ஸின் பையை இழுத்துத் தூசியைத் தட்டினாள். அலமாரியைத் திறந்து அக்காவின் தாவணிகளையும், என் பாவாடை சட்டைகளையும், தன்னுடைய புடவைகளையும் எடுத்து மடித்து மடித்து உள்ளே வைத்தாள். அப்பாவின் சட்டைகளைத் தொடவில்லை. அக்காவின் புத்தகங்களை ஒரு துண்டில் கட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்கு அத்தனை கோபமும் பறந்துபோயிற்று. "ஊருக்குப் போறமாம்மா? மாமா ஊட்டுக்கா? பஸ்லயா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் ஆமாம் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். அம்மா பிறந்த ஊருக்குப் போகிற வழியில், அந்தத் திம்பம் மலை வளைவுகளில் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்று மனதுக்குள் இடம் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஓடிப்போய் என் கலர் பென்சில் டப்பாவையும் கொண்டுவந்து பைக்குள் செருகினேன். அக்கா மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமலே, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சந்துமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலை லேசாக இழுத்து நடக்கிற சத்தம், அப்பாதான். அம்மா அப்படியே நின்று கேட்டாள். அடுத்த நிமிஷம் பையைக் கவிழ்த்து, துணிகளையெல்லாம் வாரி, மடிப்புக் கலைந்தாலும் பரவாயில்லை என்று அலமாரிக்குள் திணித்துக் கதவை முதுகால் சாத்தினாள். பை கட்டிலுக்கு அடியில் போயிற்று.

அப்பா உள்ளே வந்தார். காலைக் கழுவினார். "அண்ணனை பஸ் ஏத்தி விட்டுட்டேன்" என்றார், சுவரிடம் சொல்வது போல. அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள். அவர் குனிந்து சாப்பிட்டார். அவ்வளவுதான்.

நான் மூலையில் உட்கார்ந்து என் பென்சில் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் மடித்து வைத்து, கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்றிருக்கும்போது ஊர்ப் பயணம் கெட்டுப்போயிற்றே. இந்த அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கக் கூடாதா?